பகடிக்கு எடுத்த கோட்டை

மும்பையில் ‘பகடி’ என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். முதலில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, மாதாமாதம் வடாபாவ் விலைக்கு வாடகை கட்டிக்கொண்டு, தாத்தா குடியேறிய அறையில் பேரனும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஏற்பாட்டுக்கு அங்கே அதுதான் பெயர். வீட்டுக்காரர் சாவார். மகன் விற்பான். வாங்கியவன் கோர்ட்டுக்கு நடந்து செருப்பைத் தேய்ப்பான். குடித்தனக்காரர் மட்டும் அதே ஜன்னலில் அதே பனியனைக் காயப்போட்டுக்கொண்டிருப்பார்.

மாதுங்காவில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். இந்தக் கலையில் கரைகண்ட பெரியவர்களைப் பக்கத்து வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் முருட் ஊருக்கு அருகே, அரபிக்கடலுக்குள் நிற்கும் ஜஞ்சிராக் கோட்டையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்களெல்லாம் நேற்று வந்து ஒண்டிய ஒண்டுக்குடித்தனம்.

ஜஞ்சிராக்காரர்களுக்குப் பெயர் சித்திகள். அம்மாவின் தங்கைகள் இல்லை. அபிசீனியா என்ற இன்றைய எத்தியோப்பியாவிலிருந்தும் கிழக்காப்பிரிக்கக் கரைகளிலிருந்தும் அடிமைகளாகவும் கூலிப்படையாகவும் மாலுமிகளாகவும் வந்தவர்கள். ஹப்ஷிகள் என்றும் சொல்வார்கள். வந்த இடத்தில் கோட்டை ஒன்றைப் பிடித்து, முந்நூறு வருஷத்துக்கு மேல் சாவியைக் கையைவிட்டு விடவில்லை. அதற்குள் மேலே வீட்டுக்காரர் மூன்று முறை மாறிவிட்டார்.

இந்த அதிசயத்தைப் பார்க்க என்னோடு கிளம்பியவன் மச்சான், என் மனைவியின் தம்பி. திண்டிவனத்துக்காரன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மூன்று தடவை செஞ்சிக் கோட்டை ஏறியவன் என்பதால், உலகத்தில் எந்தக் கோட்டையைக் காட்டினாலும் அங்குள்ள ராஜகிரியை வைத்துத்தான் மார்க் போடுவான். கேட்வேயிலிருந்து மாண்ட்வாவுக்குப் படகு, அங்கிருந்து அலிபாக், ரேவ்தண்டா, காஷித் என்று கடலை ஒட்டிய சாலை. முருடைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் போனால் ராஜபுரி. கருவாட்டு வாசனை வந்ததும் இறங்கிவிடலாம், போர்டு பார்க்க வேண்டியதில்லை.

படகுத்துறையிலிருந்து பார்த்தால் கோட்டை தண்ணீரில் முக்கி வைத்த கறுப்பு அண்டா மாதிரி இருக்கிறது. வாசல் கண்ணில் படவில்லை.

“என்னா மாமா, கதவே வைக்காம கட்டிட்டானுங்களா?” என்றான் மச்சான்.

படகில் மோட்டார் இல்லை. பாய்மரம்தான். ஒட்டுப்போட்ட பாய், அதை இழுத்துக் கட்ட ஒரு பெரியவர், அவருக்கு ஒத்தாசையாகப் பதினேழு பதினெட்டு வயதில் ஒரு பையன். ஆள் நிறையும்வரை கிளம்ப மாட்டார்கள். ஷேர் ஆட்டோவின் தர்மம் கடலிலும் செல்லும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். எனக்கு வந்ததில் ஒரு பக்கக் கயிறு இல்லை. பாதி உயிரை மட்டும் காப்பாற்றுவதாக ஒப்பந்தம் போலிருக்கிறது.

கரையை விட்டதும் பையன் கைடாக மாறினான். மராத்தியும் இந்தியும் கலந்து, மூச்சு விடாமல்: கோட்டைக்குப் பரப்பளவு ‘பாவீஸ்’ ஏக்கர். கொத்தளங்கள் பாவீஸ். கட்டி முடிக்க ஆனது பாவீஸ் வருஷம். உள்ளே இருக்கும் பெரிய பீரங்கியின் எடை பாவீஸ் டன். பாவீஸ் என்றால் மராத்தியில் 22. புத்தகங்களைப் புரட்டினால் கொத்தளம் 19 என்று ஒன்றில் இருக்கிறது, 26 என்று இன்னொன்றில் இருக்கிறது. கல் வேலை 1567-இல் தொடங்கி 1571-இல் முடிந்தது என்றும் ஒரு கணக்கு உண்டு. அதையெல்லாம் நடுக்கடலில் வைத்துப் பையனிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. பாய் அவன் அப்பா கையில் இருந்தது.

கதையின் தொடக்கத்தில் கல்லே கிடையாது. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே இருந்தவர்கள் கோலி மீனவர்கள். கடற்கொள்ளைக்காரர்கள் தொல்லை தாங்காமல், அவர்கள் தலைவர் ராம் பாட்டீல் இந்தப் பாறைத் தீவில் மரத்தூண்களை நட்டு ஒரு வேலி அடைத்தார். அதற்கு அகமதுநகர் நிஜாம்ஷாவின் அதிகாரியிடம் முறைப்படி அனுமதியும் வாங்கினார். அனுமதி வாங்கும் வரைதான் மனிதன் பணிவாக இருப்பான். கட்டி முடித்ததும் பாட்டீலுக்குத் தீவும் தன்னுடையது, கடலும் தன்னுடையது என்று ஆகிவிட்டது. அகமதுநகர் கூப்பிட்டால் போவதில்லை.

அவரைக் கிளப்ப அகமதுநகர் அனுப்பிய ஆள் பீரம் கான். சண்டை போட்டு முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே வியாபாரி வேஷம் கட்டினார். கப்பலில் சரக்கு இருக்கிறது, கொள்ளைக்காரர் பயமாக இருக்கிறது, ராத்திரி ஒதுங்க இடம் கொடுங்கள் என்று தீவில் வந்து நின்றார். இடம் கொடுத்த நன்றிக்குப் பீப்பாய் பீப்பாயாகச் சாராயம் இறங்கியது. பாட்டீலும் படையும் குடித்து மல்லாந்தார்கள். மிச்சப் பீப்பாய்களைத் திறந்தால் உள்ளே சிப்பாய்கள் என்று கதை. காலையில் தலைவலியோடு கண் விழித்தவர்களுக்குத் தீவு கைமாறிய செய்தி காத்திருந்தது.

இந்தக் கோட்டையின் சரித்திரத்தில் வெளியாள் வந்து ஜெயித்தது அந்த ஒரு முறைதான். அப்புறம் துப்பாக்கி, பீரங்கி, ஏணி, பாலம் என்று என்னென்னவோ கொண்டுவந்தார்கள். சாராயம் மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

மரவேலி போய்க் கல் சுவர் வந்தது. ‘ஜசீரா’ என்றால் அரபியில் தீவு. மராத்தி வாயில் அது ஜஞ்சிரா ஆனது. அகமதுநகரில் அப்போது சித்திகளுக்கு நல்ல காலம். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமைச் சந்தைகளில் கைமாறி இந்தியாவுக்கு வந்த மாலிக் அம்பர், 1626-இல் சாகும்வரை அந்த ராஜ்ஜியத்தையே தூக்கி நிறுத்தினார். ஜஹாங்கீர் பாதுஷாவுக்குத் தூக்கத்தில்கூடத் தொந்தரவு கொடுத்த மனிதர். அவர் காலத்தில் ஜஞ்சிராவில் சித்திகள் நன்றாகவே வேரூன்றினார்கள். பத்து வருஷம் போவதற்குள், 1636-இல், அகமதுநகர் ராஜ்ஜியமே காலி. கொங்கணக் கரை பீஜப்பூர் சுல்தானுக்குப் போனது. சித்திகள் பதறவில்லை. புது வீட்டுக்காரருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு அதே ஜன்னலில் பனியனைக் காயப்போட்டார்கள்.

அடுத்து வந்தவர்தான் சிவாஜி.

மராட்டிய மண்ணில் இருந்துகொண்டு இதைச் சத்தமாகச் சொல்வது உடம்புக்கு நல்லதல்ல, ஆனால் நடந்தது நடந்ததுதான். செங்குத்து மலைக்கோட்டைகளைப் பல் துலக்குவதற்குள் பிடித்தவர், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தக் கறுப்பு அண்டாவை வாழ்நாள் முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தார். எதிர்க்கரையில் இருந்த தண்டா-ராஜபுரியைப் பிடித்தார். ராய்கட்டில் ராஜாவாக உட்கார்ந்தார். மாடியில் நின்று பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரன் தன் தோட்டத்தில் மாடு மேய்ப்பது தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது அவருக்கு ஜஞ்சிரா.

1670 வாக்கில் காரியம் கிட்டத்தட்டப் பழுத்துவிட்டது. முற்றுகையில் சோறு தீர்ந்து, கோட்டைத் தலைவர் ஃபதே கான் இறங்கிவந்தார். பணமும் நிலமும் கொடுத்தால் சாவியைத் தருகிறேன் என்று பேச்சு நடந்தது. மாதுங்காவில் இதற்கு ‘செட்டில்மெண்ட்’ என்று பெயர். ஆனால் குடித்தனத்தில் தலைவர் ஒப்புக்கொண்டால் போதுமா? சம்பல், காசிம், கைரியத் என்று மூன்று சித்திகள் கூடிப் பேசி, ஃபதே கானைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, பீஜப்பூரை விட்டு நேராக ஔரங்கசீப்புக்கு ஓலை அனுப்பினார்கள். பாதுஷாவுக்குக் கடல் என்றால் ஆகாது, சிவாஜி என்றால் சுத்தமாக ஆகாது. இரண்டையும் பார்த்துக்கொள்ள ஆள் தானாக வந்தால் விடுவாரா? சித்திகள் முகலாயக் கடற்படை ஆனார்கள். செலவுக்கு சூரத் வருமானத்திலிருந்து பணம் வந்தது. வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்கு மாதப்படி கொடுத்த கதையை நீங்கள் வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா?

அதோடு விடவில்லை. 1671 ஹோலி ராத்திரி, எதிர்க்கரையில் மராட்டிய வீரர்கள் பண்டிகைக் களைப்பில் கிடந்தபோது, கைரியத் தரைப்பக்கம் வந்து சத்தம் போட்டுக் கவனத்தைத் திருப்ப, காசிம் கடல்பக்கம் ஏணி வைத்து ஏறி, தண்டா-ராஜபுரியையும் பிடுங்கிக்கொண்டார். நடுவில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. இதை எழுதிவைத்தவர் காஃபி கான் என்ற முகலாய வரலாற்றாசிரியர். பெயருக்கும் டிகிரி காப்பிக்கும் தொடர்பில்லை. ஆனால் அவர் கொடுக்கும் விவரம் நல்ல ஸ்ட்ராங்: எத்தனையோ மைலுக்கு அப்பால் தூங்கிக்கொண்டிருந்த சிவாஜி அந்த நேரத்தில் திடுக்கிட்டு விழித்து, ராஜபுரிக்கு ஏதோ ஆகிவிட்டது என்றாராம்.

நான் இதைச் சொன்னதும் மச்சான் மூஞ்சி மாறியது. “மாமா, எங்க செஞ்சியில இந்தப் பேச்சே கிடையாது. வந்தாரு, புடிச்சாரு, போயிட்டாரு.”

உண்மைதான். 1677-இல் சிவாஜி தெற்கே வந்தபோது, பீஜப்பூர் கையில் இருந்த செஞ்சியை வெகு சுலபமாக வாங்கிக்கொண்டார். உள்ளே இருந்தவர்களுக்கு என்ன கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பதில் இன்றும் வழக்கு உண்டு. அப்புறம் அவர் மகன் ராஜாராம் அங்கே போய் ஒளிந்துகொண்டதும், முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் எட்டு வருஷம் அடிவாரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்ததும், 1698-இல் கோட்டை விழுவதற்குள் ராஜாராம் வேலூர்ப் பக்கம் நழுவியதும் தனிக்கூத்து. ஆக, செஞ்சி மராட்டியரிடம் விழுந்தது, ஜஞ்சிரா விழவில்லை. இதற்குப் பலன் 2025 ஜூலையில் கிடைத்தது. மராட்டியப் போர்க் கோட்டைகள் என்று யுனெஸ்கோ பன்னிரண்டைப் பட்டியலில் சேர்த்தபோது, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி அதில் இருந்தது. ராய்கட் பக்கத்திலேயே இருக்கும் ஜஞ்சிரா இல்லை. கடைசிவரை தோற்காததால் இடம் போனது. மச்சான் அன்றைக்கு அனுப்பிய வாட்ஸாப் செய்தியில் பதினாறு வெற்றிக்குறி இருந்தன.

சிவாஜியின் ஆட்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் லாய் பாட்டீல். இவரும் கோலி மீனவர். 1676 வாக்கில் பேஷ்வா மோரோபந்த் பிங்ளே முற்றுகை போட்டபோது ஒரு திட்டம்: இருட்டில் லாய் பாட்டீல் போய்க் கோட்டைச் சுவரில் ஏணிகளைச் சாத்த வேண்டும், பின்னாலேயே மோரோபந்தின் படை வந்து ஏற வேண்டும். லாய் பாட்டீல் போனார். அலையில் ஆடும் படகில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே காவல்காரன் தும்மினால் கேட்கும் தூரத்தில், ஏணிகளைச் சாத்தினார். காத்திருந்தார். படை வரவில்லை. நட்சத்திரம் மங்கியது. படை வரவில்லை. கிழக்கு வெளுத்ததும் சாத்திய ஏணிகளை மறுபடி கழற்றிப் படகில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். கல்யாண மண்டபத்துக்கு விடிகாலையில் போய்ப் பந்தல் போட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வராததால் பந்தலைப் பிரித்துக்கொண்டு வந்த மாதிரி.

அவர் துணிச்சலை மெச்சி சிவாஜி ஒரு பல்லக்கு பரிசளித்ததாகக் கதை. கடலில் திரிகிறவனுக்குப் பல்லக்கு எதற்கு என்று அவர் மறுத்தாராம். அதனால் ஒரு படகைக் கட்டி, அதற்குப் ‘பால்கி’ என்று பெயர் வைத்துக் கொடுத்தார்களாம். பால்கி என்றால் பல்லக்கு. அரசாங்க உத்தரவில் எழுதிய பொருளை மாற்ற முடியாது, பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்பதை இன்றைய ஆடிட்டர்களுக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஏணிக்கு முன்பே சிவாஜி எதிரில் போட்டிக் கடை திறந்திருந்தார். சற்றுத் தள்ளி காசா என்ற பாறைத்தீவில் பத்மதுர்க் என்ற கடற்கோட்டை. அதற்குப் பணமும் தானியமும் அனுப்பச் சொன்ன உத்தரவை உள்ளூர் அதிகாரி ஜீவாஜி விநாயக் ஊறப்போட்டார். 1675 ஜனவரியில் சிவாஜி அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஹப்ஷியிடம் ஏதாவது வாங்கிக்கொண்டுதான் இப்படிச் செய்கிறாயா என்கிற அளவுக்கு வெளுத்து வாங்கியிருக்கிறார். கோப்பு நகராததற்கு மன்னரே காரணம் கேட்டு எழுத வேண்டியிருந்த நாடு இது. உங்கள் பட்டா மாறுதல் ஆறு மாதம் ஆகிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

சிவாஜிக்குப் பிறகு அவர் மகன் சம்பாஜி வேறு வழி பார்த்தார். முதலில் கொண்டாஜி ஃபர்ஜந்த். அறுபது பேரை வைத்துக்கொண்டு பன்ஹாளாக் கோட்டையைப் பிடித்த சூரர். எஜமானரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவர் போல ஜஞ்சிராவுக்குள் சேர்ந்து, வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைப்பது திட்டம். உள்ளே இருந்த பணிப்பெண் ஒருத்தி மூலமாக விஷயம் வெளியே வந்து, தலை போனது. இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிக்க வரவில்லை.

கோபம் தலைக்கேறிய சம்பாஜி 1682-இல் கடலையே தூர்க்க முடிவு செய்தார். கரையிலிருந்து தீவுவரை கல்லைக் கொட்டிப் பாதை போடுவது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் கல் கொட்டினார்கள், கடல் விழுங்கிக்கொண்டே இருந்தது. இலங்கைக்கு அணை கட்டிய படையில் நளன் என்ற இன்ஜினியர் இருந்தான், வானரங்கள் இருந்தன, கடைசிக்கு ஒரு அணிலாவது இருந்தது. இங்கே முதுகுக்குப் பின்னால் முகலாயப் படைதான் இருந்தது. ஹசன் அலி கான் கல்யாண் பக்கம் இறங்கிவிட்டார் என்று சேதி வந்ததும் சம்பாஜி பாதிக் கல்லோடு வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்.

“அந்தக் கல்லு எங்க மாமா?” என்று மச்சான் எட்டிப் பார்த்தான். படகு சாய்ந்தது. பெரியவர் முதன்முதலாக வாயைத் திறந்து ஏதோ சொன்னார். மராத்தி புரியாவிட்டாலும் அர்த்தம் புரிந்தது. உட்கார்ந்தான்.

சித்திகளுக்கு இந்த நேரத்தில் தெம்பு கூடிவிட்டது. மழைக்காலம் வந்தால் கப்பல்களைப் பம்பாயில் மஸ்காவில் கொண்டுபோய் ஒதுக்குவார்கள். அங்கே இருந்த இங்கிலீஷ்காரர்களால் வா என்றும் சொல்ல முடியாது, போ என்றும் சொல்ல முடியாது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் புத்தி கெட்டு, முகலாயக் கப்பல்களில் கைவைத்தது. ஔரங்கசீப் கையைக் காட்டினார். யாகூத் கான் என்று பட்டம் பெற்றிருந்த காசிம் 1689-இல் பம்பாயில் படையை இறக்கி, சிவ்ரி, மஸ்காவ், மாஹிம் என்று வரிசையாக எடுத்துக்கொண்டார். வெள்ளைக்காரர்களுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோட்டை. ஒரு வருஷத்துக்கு மேல் அதற்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். கடைசியில் கம்பெனித் தூதர்கள் கையைக் கட்டிக்கொண்டு பாதுஷா முன்னால் போய் மன்னிப்புக் கேட்டு, ஒன்றரை லட்சம் ரூபாய் அபராதம் கட்டினார்கள். 1690 ஜூனில் யாகூத் கிளம்பிப் போனார். தென்பம்பாயில் இன்று வீடு வாங்க முடியாத நமக்கு ஒரு சின்ன ஆறுதல்: மாஹிமையும் மஸ்காவையும் ஒருத்தர் கையில் வைத்திருந்துவிட்டுச் சும்மா விட்டுப் போயிருக்கிறார்.

பிறகு பேஷ்வா பாஜிராவ் வந்தார், 1733-இல். அவர் தம்பி சிமாஜி அப்பா 1736-இல் சித்தி சாத் என்ற தளபதியைப் போரில் கொன்றார். கரையில் நிலம் நிறையக் கைமாறியது. தீவு மாறவில்லை. அப்புறம் இங்கிலீஷ்காரர்கள் நாட்டையே எடுத்துக்கொண்டபோது, சித்திகள் நாலாவது வீட்டுக்காரருக்கும் சலாம் வைத்தார்கள். பட்டம் நவாப். பதினோரு குண்டு மரியாதை. யாரைக் கோட்டைக்குள் பூட்டிவைத்தார்களோ அவர்களே பீரங்கி வெடித்து வணக்கம் சொன்னார்கள். 1885-இல் நவாப் முருடில் கரைமேல் அரண்மனை கட்டிக்கொண்டார். எத்தனை நாள்தான் படகில் போய்க் காய்கறி வாங்குவது. 1948-இல் ஜஞ்சிரா சமஸ்தானம் பம்பாய் மாகாணத்தோடு சேர்ந்தது. கையெழுத்துப் போட்டுக் காலி செய்தார்கள். குண்டு எதுவும் வெடிக்கவில்லை.

நாங்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், கதவைத்தான் இன்னும் காணவில்லை. பையன் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினான். இரண்டு கொத்தளங்களுக்கு நடுவில் சுவர் லேசாக மடங்குகிறது. படகு முட்டப்போகிறது என்று நாங்கள் பலகையைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் மடிப்புக்குள்ளிருந்து வாசல் வெளியே வந்தது. எதிரி இதைக் கண்டுபிடிப்பதற்குள் மேலே இருந்து சுடச்சுட என்னென்ன விழுந்திருக்கும்! நாங்கள் போனபோது இறங்குவதற்கு ஒழுங்கான மேடை இல்லை, பாசி பிடித்த படிகள்தான். அலை தூக்கும்போது ஒருவன் கையைப் பிடித்து இழுப்பான், அலை இறங்குவதற்குள் கால் படியில் இருக்க வேண்டும். சிவாஜி படைக்கு முடியாததை, இடது கையில் குழந்தையும் வலது கையில் குர்குரே பாக்கெட்டுமாக ஒரு நாக்பூர் அம்மாள் எங்கள் கண் முன்னால் செய்து முடித்தார்.

வாசல் பக்கச் சுவரில் ஒரு சிற்பம். புலியா சிங்கமா என்று தெரியாத ஒரு மிருகம் ஆறு யானைகளை வைத்திருக்கிறது. நாலு கால்களுக்கு நாலு, வாயில் ஒன்று, வாலில் சுருட்டியது ஒன்று. குடித்தனக்காரர்கள் வீட்டு வாசலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ மாட்டுவார்களே, அந்த ரகம்.

நாற்பத்தைந்து நிமிஷம்தான் டைம், தாண்டினால் படகு போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். ஓடினோம். சுற்றிலும் உப்பாக இருக்கும் கடலுக்கு நடுவில் நல்ல தண்ணீர்க் குளம் இரண்டு. இப்போது பச்சையாகப் பாசி. முந்நூறு வருஷ ரகசியம் சுவரில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர் வண்டி வருமா என்று வாசலில் குடத்தோடு நின்றிருந்தால் சித்திகள் மூன்றாம் நாளே சாவியைக் கொடுத்திருப்பார்கள். சுருல் கான் மாளிகை என்று காட்டும் இடத்தில் பல மாடிச் சுவர் நிற்கிறது, மாடிகள் இல்லை. உள்ளே ஆலமரம் குடியேறியிருக்கிறது. வாடகை கட்டுவதாகத் தெரியவில்லை.

மேலே ஏறினால் கலால் பாங்டி. அந்தப் பாவீஸ் டன் பீரங்கி. எவ்வளவு வெயில் அடித்தாலும் இது சுடாது, பஞ்சலோகம் என்றான் பையன். மச்சான் உள்ளங்கையை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டான்.

“சுடலியாடா?” என்றேன்.

“பீரங்கின்னா சுடத்தான் மாமா செய்யும்” என்றான், கையை ஊதிக்கொண்டே. அந்த ஒரு பதிலுக்காக அவனைக் கூட்டி வந்த செலவை மன்னித்தேன்.

திரும்பும்போது கொத்தளங்களை எண்ணித் தீர்ப்பது என்று உட்கார்ந்தான். படகு ஆடியது, ஆறுக்குப் பிறகு எட்டு வந்தது, வெயில் கண்ணில் அடித்தது. பதினான்கில் விட்டுவிட்டான்.

படகைத் தள்ளுவதற்கு முன் நடந்ததை நான் சொல்லவில்லையே. பெரியவர் எங்களை உட்காரவைத்து, எல்லாரும் ஏறியாயிற்றா என்று தலை எண்ணச் சொன்னார். பையன் விரலை நீட்டி வரிசையாக எண்ணி, “பாவீஸ்!” என்று கத்தினான். மச்சான் என் காதருகே குனிந்து, தானும் எண்ணியதாகவும் குழந்தையைச் சேர்த்தால்கூட பத்தொன்பதுதான் வருவதாகவும் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டிவிட்டுப் பாயை அவிழ்த்தார்.